ஒரு ஓட்டைக்கு நாற்பது ஃபேன்

ஈ.பி. பில் வந்த மறுநாள் தொழிற்சாலைகளில் ஒரு ஞானோதயம் நிகழும். எம்.டி. அறையில் கதவைச் சாத்தி, ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்து, மின் சிக்கனம் பற்றி அவசரக் கூட்டம் போடுவார்கள். பில் தொகையை மானேஜர் உரக்கப் படிப்பார். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அரை மணி நேரத்தில் குற்றவாளி பிடிபட்டுவிடுவான். கழிவறை விளக்கு. அடுத்து கேன்டீன் விளக்கு. அப்புறம், நிறுவனத்தின் எல்லா நஷ்டத்துக்கும் மூலகாரணமாக, பேக்கிங் செக்‌ஷனில் பெண்களின் தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும் மூன்று சீலிங் ஃபேன்.

சாயங்காலத்துக்குள் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்படும். தேவையின்றி மின்விசிறியை இயக்குவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும், இப்படிக்கு நிர்வாகம். தேவை எது என்று யார் முடிவு செய்வது? சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் கால் மணி நேரம் நின்றால் யாருக்கும் தெரிந்துவிடும். நிர்வாகத்துக்கு அங்கே நின்று பழக்கமில்லை.

முதலாளிகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் கணக்கிலேயே பேசுவோம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 0.6 யூனிட். யூனிட் ஏழரை ரூபாய் என்றால் நாலரை ரூபாய் ஆகிறது. மூன்று ஃபேனையும் நிறுத்தி, அத்தனை பெண்களையும் வியர்வையில் ஊறவைத்து, நிறுவனம் ஒரு ஷிப்ட்டில் சேமித்த செல்வம் பதின்மூன்றரை ரூபாய். கூட்டத்தில் கொடுத்த முந்திரி பிஸ்கட்டுக்கே அது பத்தாது.

இப்போது அதே ஷெட்டின் பின்பக்கம் வாருங்கள். கம்ப்ரசர் ரூமிலிருந்து வரும் காற்று லைன் சுவரோரமாக ஓடுகிறது. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு கப்ளிங். அதன் வாஷர் தேய்ந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. காற்று உஸ்ஸென்று சீறிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு தொழிலாளி சத்தம் தாங்காமல் பழைய சைக்கிள் டியூபைக் கீறி, நாலு சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார். ஸ்டோரில் வாஷர் கேட்டால் இண்டென்ட் போடச் சொல்வார்கள், இண்டென்ட் போட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது, அதனால் டியூப். அந்தக் கட்டின் ஓரத்திலும் விரலை வைத்தால் காற்று அடிக்கிறது.

ஏழு பார் அழுத்தத்தில் உள்ள லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அந்த ஒழுக்குக்குத் தீனி போடவே கம்ப்ரசர் மூன்று கிலோவாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். நாற்பது சீலிங் ஃபேன். ஓட்டைக்கு ஷிப்ட் முடிவதில்லை, சாப்பாட்டு இடைவேளை கிடையாது. கம்ப்ரசர் ஓடும்வரை அதுவும் ஓடும். மூன்று ஷிப்ட் ஆலையில் நாளுக்கு 72 யூனிட், 540 ரூபாய். வருஷத்தில் முந்நூறு வேலைநாள் என்றால் 1,62,000 ரூபாய். வாஷர் என்ன விலை என்று சொல்லி முதலாளியைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இது ஒரே ஓட்டைக்கான கணக்கு. பராமரிப்பில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் தயாரிக்கும் காற்றில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு இப்படி ஒழுகிப்போவது எரிசக்தித் தணிக்கை செய்பவர்களுக்கு அன்றாடக் காட்சி. அழுத்திய காற்று தொழிற்சாலையிலேயே விலை உயர்ந்த பண்டம். கம்ப்ரசருக்குள் நூறு யூனிட் போனால் கடைசியில் கருவியின் முனையில் வேலையாக வருவது பத்து பதினைந்தைத் தாண்டாது. மிச்சமெல்லாம் சூடு. அந்தப் பொன்னான காற்றைத்தான் சட்டைத் தூசு தட்டவும், டேபிள் கூட்டவும், ஷிப்ட் முடிந்ததும் தலைமுடி கோதவும் ஊதுகிறோம். தொழிலாளியைச் சொல்லாதீர்கள். விளக்குமாறு வாங்கிக் கொடுக்காதது யார்?

லைனின் கடைசியில் இருக்கும் மெஷினுக்குக் காற்று பத்தவில்லை என்று ஆபரேட்டர் சொல்வார். சூப்பர்வைசர் உடனே செயலில் இறங்குவார். ஓட்டையைத் தேடிப் போக மாட்டார், கம்ப்ரசரின் பிரஷர் செட்டிங்கை ஒரு பார் ஏற்றிவைப்பார். ஒரு பார் ஏற்றினால் மின்சாரம் ஆறேழு சதவீதம் கூடும். அழுத்தம் கூடியதால் ஓட்டைகளும் இன்னும் உற்சாகமாக ஊதும். அதனால் கடைசி மெஷினுக்கு மறுபடியும் பத்தாது. மறுபடியும் ஏற்றுவார். அவருக்குத்தான் அந்த வருஷம் சிறந்த சூப்பர்வைசர் விருது, பிரச்சினையை உடனுக்குடன் தீர்த்ததற்காக.

வீணாகும் மின்சாரம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது மாயமாய் மறைவதில்லை. சூடாகவும் சத்தமாகவும் மாறி அந்த ஷெட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஷெட்டுக்குள்ளே இருப்பது யார்? முதலாளியின் காசு போகிறது என்று அழுகிறோம். அந்தச் சூட்டில் வேகிறவரை எந்த ஆடிட் ரிப்போர்ட்டும் எழுதுவதில்லை.

திருப்பூரில் அயர்னிங் செக்‌ஷன் உள்ளே போய்ப் பாருங்கள். பாய்லரிலிருந்து நீராவிக் குழாய் வருகிறது. குழாய்க்குச் சுற்றிய கிளாஸ் வூல் பாதி இடத்தில் உரிந்து தொங்குகிறது, வால்வுகளுக்கும் ஃபிளாஞ்சுகளுக்கும் முதலிலேயே சுற்றவில்லை. ஸ்டீம் டிராப் திறந்தபடியே மாட்டிக்கொண்டு, தண்ணீரை வடிப்பதற்குப் பதில் நீராவியையே வெளியே தள்ளுகிறது. அந்த அறையில்தான் பனியன் ஒன்றுக்கு இத்தனை பைசா என்று கூலி பேசிய மனிதர் ஸ்டீம் அயர்ன் பெட்டியோடு நாள் முழுக்க நிற்கிறார். அந்தக் குழாய்க்கு ஒழுங்காக உறை போட்டால் விறகும் மிச்சம், அவருடைய உடம்பும் மிச்சம். இரண்டும் ஒரே செலவில் முடியும் காரியம். முதலாளியின் லாபமும் தொழிலாளியின் உயிரும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது. அந்த இடத்தையும் விட்டுவிட்டு, சிக்கன நடவடிக்கையாக அயர்னிங் செக்‌ஷன் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துகிறார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு காற்றோட்டத்தையும் தாங்கக்கூடிய வெப்பநிலையையும் பற்றிப் பேசியது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. ஆக, வெளியே அடிக்கும் வெயிலுக்குப் பேரிடர் என்று பெயர். உள்ளே நாமே காசு கொடுத்து உண்டாக்கும் வெயிலுக்கு உற்பத்தி என்று பெயர்.

நூற்பாலைகளில் இந்த நாடகத்துக்கு இன்னும் கூர்மை உண்டு. அங்கே ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துவிடும். அதனால் பெரிய பெரிய ஃபேன்களும் தண்ணீர்த் தெளிப்பும் வைத்து, சதவீதக் கணக்குப் பார்த்து, இரவும் பகலும் காற்றைப் பதப்படுத்துகிறார்கள். மீட்டர் இரண்டு புள்ளி இறங்கினால் பதறுகிறார்கள். பதமான காற்று எல்லாம் நூலுக்கு. நூல் அறுந்தால் நஷ்டம். ஆள் மயங்கி விழுந்தால் அரை நாள் சம்பளம் மிச்சம்.

மோட்டாருக்கு வருவோம். இந்தியத் தொழில்துறை மின்சாரத்தில் பெரும்பகுதியை மோட்டார்கள்தாம் தின்கின்றன. 15 கிலோவாட் மோட்டார் ஒன்று நாளுக்கு இருபது மணி நேரம், வருஷத்தில் முந்நூறு நாள் முழு லோடில் ஓடினால், தொண்ணூறு சதவீதத் திறனே இருந்தாலும் ஒரு லட்சம் யூனிட் இழுக்கும். ஏழரை லட்சம் ரூபாய். மோட்டாரின் விலையை அது சில வாரங்களிலேயே தாண்டிவிடும். எனவே வாங்கும்போது இரண்டு மூன்று சதவீதம் திறன் கூடுதலான மோட்டாராகப் பார்த்து வாங்குவது அறிவு. ஆனால் பர்ச்சேஸ் மானேஜருக்குப் பாராட்டு கிடைப்பது விலை குறைந்த கொட்டேஷனுக்கு. ஈ.பி. பில் அவருடைய டிபார்ட்மென்ட்டில் வராது. அவர் ஐயாயிரம் மிச்சம் பிடித்துக் கைதட்டல் வாங்குவார். அந்த மோட்டார் வருஷா வருஷம் இருபதாயிரத்தை யாருக்கும் தெரியாமல் விழுங்கும். பில்லில் மொத்தத் தொகை மட்டும்தானே இருக்கிறது? எந்த மெஷின் எவ்வளவு தின்றது என்று பார்க்க ஒரு சப்-மீட்டர் வைக்கலாம். வைத்தால் தெரிந்துவிடும். அதுதான் சிக்கல்.

காயில் எரிந்துபோனால் வைண்டிங் கடை இருக்கவே இருக்கிறது. நம் வைண்டிங்காரர்கள் கெட்டிக்காரர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவசரத்தில் பழைய கம்பியை நெருப்பு வைத்து எரித்து எடுத்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் பூச்சு கெடுகிறது, மோட்டாரின் நஷ்டம் கூடுகிறது. ஒரு முறை என்றால் சரி. நாலு தடவை, ஐந்து தடவை கட்டிய மோட்டாரை இன்னும் ஓட்டிக்கொண்டு, அப்பா காலத்து மோட்டார், கல்லு மாதிரி இருக்கு என்று பெருமை வேறு. கைவைத்தால் சுடும். அதன் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டருக்கும் சுடும்.

இந்த நோய்க்கெல்லாம் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது, 2002இல் எரிசக்தித் திறன் பணியகம் வந்தது. 2012இல் சிமென்ட், இரும்பு, உரம் போன்ற பெரிய ஆலைகளுக்கு இலக்கு வைத்து, மிஞ்சி சேமித்தால் சான்றிதழ், அதை விற்கச் சந்தை என்று ஒரு திட்டமும் வந்தது. பெரிய ஆலைகளில் பலன் இருந்ததை மறுக்க மாட்டேன். பேட்டையில் உள்ள நடுத்தர ஆலைக்கு வந்து சேர்ந்தது என்னவோ டிசம்பர் 14 மட்டும்தான். தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். அன்றைக்கு ஷாமியானா, ஃபிளெக்ஸ், மைக், பகல் பதினொரு மணிக்கு ஃபோகஸ் லைட், உறுதிமொழி. தொழிலாளிகள் வலது கையை நீட்டி மின்சாரத்தை வீணாக்க மாட்டோம் என்று சொல்வார்கள். வீணாக்கும் அதிகாரம் இல்லாதவர்களை வரிசையாக நிறுத்தி, வீணாக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கும் சடங்கு உலகத்தில் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

ஆடிட்டரும் வருவார். கருவிகளோடு அலைவார், உண்மையாகவே உழைப்பார். காற்று ஒழுக்கை அடைக்கச் சொல்வார். டாம்பரைப் பாதி மூடிக் காற்றைக் குறைக்கும் புளோவருக்கு வேகம் மாற்றும் டிரைவ் போடச் சொல்வார். வேகத்தை நூற்றுக்கு இருபது குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்று படம் போட்டு விளக்குவார். போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று பட்டியலும் தருவார். ரிப்போர்ட் நல்ல தாளில், ஸ்பைரல் பைண்டிங்கோடு, எம்.டி.யின் பீரோவில் அமரும். அடுத்த ஆடிட்டர் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஆடிட்டர் சொன்னதற்குப் பணம் இல்லை என்று சொன்ன அதே எம்.டி., பையோடு வரும் இன்னொருவரிடம் ஏமாறுவார். மெயின் போர்டு பக்கத்தில் மாட்டினால் பில் முப்பது நாற்பது சதவீதம் குறையும் என்று சொல்லி விற்கும் மந்திரப் பெட்டி. திறந்து பார்த்தால் கெபாசிட்டர், ஒரு சின்ன போர்டு, மினுக்கும் பச்சை விளக்கு. பவர் ஃபேக்டரைச் சரிசெய்யக் கெபாசிட்டர் அவசியம்தான். ஆனால் அது ஏற்கெனவே சரியாக இருக்கும் இடத்தில் இன்னொன்றை மாட்டினால் யூனிட் குறையாது, பச்சை விளக்கின் யூனிட் கூடும்.

முதலாளிகளை இவ்வளவு திட்டியாயிற்று. இதில் பத்துப் பேர் வைத்து ஜாப் ஆர்டர் ஓட்டும் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரரைச் சேர்க்கக் கூடாது. அவரே லேத் முன்னால் நிற்கிறார். அவர் தலைக்கு மேலும் ஃபேன் இல்லை. அவரை வறுப்பதற்கு அரசாங்கம் தனியாக அடுப்பு வைத்திருக்கிறது.

2022 செப்டம்பர் 10 அன்று அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில்களுக்கான தாழ்வழுத்த 3-பி இணைப்பில் யூனிட் 6 ரூபாய் 35 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஓட்டினால்தானே கொடுக்கிறோம். நிலைக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டுவது, அது கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது. 50 கிலோவாட் வரை 75, அதற்கு மேலே 150 ஆனது. 112 கிலோவாட் இணைப்பு வைத்திருந்தவர் 3,920 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பில்லில் 16,800. அதற்குப் பிறகு 2023, 2024, 2025 ஜூலைகளிலும் ஏற்றம் தவறவில்லை. கோடைக்குப் பின் மழை வருவது நிச்சயமில்லை, ஜூலையில் இது நிச்சயம்.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஆர்டர் இல்லாமல் மாதம் முழுக்க மெஷினை நிறுத்தி வைத்தாலும் நிலைக் கட்டணம் வரும். பாடுபட்டு யூனிட்டைக் குறைத்தாலும் அந்தத் தொகை குறையாது. உயரழுத்த இணைப்பிலோ கேட்டு வாங்கிய டிமாண்டில் தொண்ணூறு சதவீதத்துக்காவது பணம் கட்டியே ஆக வேண்டும், எழுபதில் ஓட்டினாலும் தொண்ணூறுக்கு பில். மின்சாரத்தைச் சேமி என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, சேமித்தாலும் விடமாட்டேன் என்று பில்லில் எழுதும் நிர்வாகத்தை என்ன சொல்ல? உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமாக இருந்தது இப்போது மின் பகிர்மானக் கழகம். பெயரைச் சுருக்கியவர்கள் கட்டணத்தைச் சுருக்கவில்லை. ஜனங்களுக்கு அது என்றைக்கும் ஈ.பி.தான்.

உச்ச நேரக் கட்டணம் அடுத்த அதிசயம். காலையில் நாலு மணி நேரம், மாலை ஆறிலிருந்து பத்து வரை நாலு மணி நேரம். நாளில் மூன்றில் ஒரு பங்கு உச்சம்! அதற்கு 25 சதவீதம் கூடுதல். நேரம் பிரித்துக் காட்டும் மீட்டரே மாட்டாத பட்டறைகளுக்கும் இது போடப்பட்டது என்று சங்கங்கள் புலம்பின. எப்போது ஓட்டினாய் என்று தெரியாது, ஆனால் உச்சத்தில்தான் ஓட்டியிருப்பாய் என்ற நம்பிக்கை. புலம்பலுக்குப் பிறகு 15 சதவீதம் என்று இறங்கினார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழில் கூடங்கள் ஒரு நாள் கதவடைத்தன. அன்றைக்கும் நிலைக் கட்டணம் ஓடியது, சொல்லத் தேவையில்லை.

சரி, ஈ.பி.யே வேண்டாம், சொந்தக் கூரையில் சூரியத் தகடு போடுகிறேன் என்று கிளம்பியவருக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றை நீட்டினார்கள். சிறுதொழில்களுக்கு அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அதற்கும் நன்றி எதிர்பார்த்தார்கள்.

இந்த உச்ச நேரமும் கடைசியில் யார் தலையில் விடிகிறது? பெரிய ஆலைக்கு இரவு பத்து மணிக்கு மேல் யூனிட்டில் ஐந்து சதவீதத் தள்ளுபடி உண்டு. அதனால் கனமான மெஷின்களை இரவுக்குத் தள்ளு என்பார் ஆலோசகர். காகிதத்தில் அருமையான யோசனை. மெஷினுக்குத் தூக்கம் கிடையாதே. நடுநிசியில் ரோல் மாற்றுகிற கைக்கும், விடியற்காலை நாலு மணிக்கு பிரஸ்ஸில் விரலை வைக்கிறவருக்கும் உண்டு. ஐந்து சதவீதத் தள்ளுபடி கம்பெனிக்கு. அவர் கண்ணெரிச்சலுக்கு எந்த ஆணையத்திலும் டாரிஃப் கிடையாது.

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு வைத்தியம். ஆலையில் எல்லா மெஷினும் நின்றிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்ரசரை மட்டும் போட்டு, கையில் வாட்சோடு உட்கார வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் கம்ப்ரசர் லோடு எடுக்கும், விடும், மறுபடி எடுக்கும். பத்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் லோடு எடுத்தால் அதன் திறனில் நூற்றுக்கு முப்பது ஒழுகுகிறது என்று பொருள். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக லைன் நெடுக நடந்தால் எங்கே என்றும் தெரிந்துவிடும். இதைச் செய்ய பட்டம் வேண்டாம், எந்த மெயின்டனன்ஸ் ஃபிட்டரும் செய்துவிடுவார்.

செய்தால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை அவர் ஒரு துண்டுச் சீட்டில் பதினேழு இடம் குறித்துக்கொண்டு மானேஜர் முன்னால் நிற்பார்.

"சார், இந்த இடமெல்லாம் லீக் ஆகுதுங்க. வாஷரும் கொஞ்சம் டேப்பும் இருந்தா இன்னைக்கே அடைச்சிரலாம்."

மானேஜர் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். "ஞாயித்துக்கிழமை யாரைக் கேட்டு கம்ப்ரசரை ஓட்டுன?"

"நம்ம லைன்தானே சார்..."

"எத்தனை யூனிட் வீணாகியிருக்கும் தெரியுமா?"

மதியத்துக்குள் அவருக்கு மெமோ டைப் ஆகிவிடும்.